டிசம்பர் கடைசியில் கொங்குப் பக்கம் 5 நாள் சுற்றுலா: எங்கே, எந்நேரம், எப்படிப் படம் எடுப்பது?

பயணப்பை
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். கோவையில் தங்கி பேரூர், ஆழியாறு, வால்பாறை, கோபி, கொடிவேரி, வெள்ளோடு என்று திட்டம். நான், வீட்டுக்காரர், 9 வயது மகள், மாமியார். கையில் ஒரு தொடக்கநிலை கேனான் டிஎஸ்எல்ஆர், 18-55, 55-250 மி.மீ. லென்ஸ்கள், இரண்டு போன். ட்ரைபாட் இல்லை. அவசியம் என்றால் வாங்கிவிடலாம். சுவரில் மாட்டுகிற மாதிரி நாலைந்து படமாவது வேண்டும். எல்லாப் படத்திலும் நாங்கள் வரிசையாக நின்று சிரிப்பதாக இருக்கக்கூடாது. எந்த இடத்துக்கு எந்நேரம் போகலாம், செட்டிங் என்ன வைக்கலாம் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

மேற்குமலை
வாங்க, வாங்க. கேமராவை அப்புறம் பார்ப்போமுங்க, மொதல்ல திசையைப் பார்ப்போம். கொங்கு நாட்டுல எந்த ஊர்ல நின்னாலும் ஏதாவது ஒரு பக்கம் மலை தெரியும். எந்தப் பக்கம்ங்கிறதை வெச்சுத்தான் படம் தேறுமா தேறாதான்னு சொல்ல முடியும்.

கோவைக்கு மலை மேற்கே. வெடியால வெய்யில் கிழக்கிலிருந்து நேரா மலை மேல விழும், மடிப்பு மடிப்பா எல்லாம் தெளிவாத் தெரியும். அதே மலையை மத்தியானம் 3 மணிக்குப் பார்த்தீங்கன்னா வெறும் சாம்பல் சுவர்தான். பொழுதோட கருநிழலா எடுக்கலாம், அது வேற படம். ஆனா ஒண்ணு: மேற்கே மலை உசரமா நிக்கிறதால பேரூர், மருதமலை, சிறுவாணி ரோட்டுப் பக்கம் போன்ல காட்டுற அஸ்தமன நேரத்துக்கு முன்னாடியே வெய்யில் மறைஞ்சுரும். மலையை ஒட்டிப் போகப் போக இன்னும் சீக்கிரம். 6.05க்கு அஸ்தமனம்னு போட்டிருந்தா 5 மணிக்கே இடத்துல நில்லுங்க.

கோபி, சத்தி (சத்தியமங்கலம்) பக்கம் மலை வடக்கே. டிசம்பர்ல இதுதான் உங்களுக்கு யோகம். அந்த மாசம் சூரியன் தெற்கே சாஞ்சே ஓடும். நம்ம ஊரு 11 டிகிரி அட்சரேகையில இருக்கு, டிசம்பர் கடைசியில உச்சி வேளையிலகூட சூரியன் 56 டிகிரிக்கு மேல ஏறாது, அதுவும் தெற்குப் பக்கமா. அப்ப வடக்கே பார்த்து நின்னா நாள் முச்சூடும் வெய்யில் உங்க முதுகுப் பக்கம்தான். கொடிவேரி வாய்க்கால் பாசன வயல், பின்னாடி மலை, ரெண்டும் ஒரே படத்துல ஒழுங்கா வரும்.

பொள்ளாச்சி, உடுமலைக்கு மலை தெற்கே. டிசம்பர்ல அது தலைகீழ். பகல் பூரா மலைக்குப் பின்னாலதான் சூரியன். அடிவாரத்துல நின்னு மலையை எடுக்காதீங்க, மலை மேல ஏறி வடக்கே சமவெளியைப் பாருங்க. ஆழியாறுலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. 9ஆவது வளைவுல லோம்ஸ் காட்சி முனை. அங்கிருந்து அணையும் தென்னந்தோப்பும் கீழே விரிஞ்சு கிடக்கும், வெய்யில் உங்களுக்குப் பின்னாடி. 8லிருந்து 10 மணிக்குள்ள அங்க இருங்க. 11 தாண்டினா சமவெளியில புழுதி மங்கல் ஏறிரும்.

உங்க தேதிக்கு உதயம் 6.40, அஸ்தமனம் 6.05ஐ ஒட்டி. சூரியன் நேர் கிழக்குலயும் வராது, 24 டிகிரி தெற்கே தள்ளித்தான் எழும். போன் திசைகாட்டியில முதல் நாளே பார்த்து வெச்சுக்குங்க.

கல்தச்சு
மேற்குமலை சொன்னதோடு கோயிலுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் கட்டாயம் தெரிய வேண்டியது: கோயிலுக்குள் கைப்பேசி கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. எங்கே போனாலும் வாசலில் கேளுங்கள், வைப்பறை இருந்தால் ஒப்படைத்து டோக்கன் வாங்குங்கள். பேரூர் கோயிலின் கனகசபை மண்டபத் தூண்களில் ஊர்த்துவ தாண்டவர், பிட்சாடனர், யானையுரித்தவர், வீரபத்திரர், காளி என்று ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள் நிற்கின்றன. விதானத்திலிருந்து கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. அவற்றைக் கேமரா இல்லாமல் நின்று பார்ப்பதற்கென்றே அரைமணி ஒதுக்குங்கள்.

வெளியே எடுக்க நிறைய இருக்கிறது. ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது, எனவே காலை 7 முதல் 8.30 வரை. டிசம்பரில் வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக விழுவதால் ஒவ்வொரு சுதைச் சிற்பத்துக்கும் பக்கவாட்டில் நிழல் கிடைத்துக் கோபுரம் புடைத்துத் தெரியும். நேர் முன்னால் விழும் வெளிச்சத்தில் அது தட்டையாகிவிடும்.

கோபுரம் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வருவது பலருக்கும் நடக்கும். கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான் காரணம். கோபுரத்தின் உயரத்தைப் போல் மூன்றரை மடங்கு தூரமாவது பின்னால் போங்கள், 18இல் எடுக்காமல் 35ஐ ஒட்டி வையுங்கள், கேமராவை மட்டமாகப் பிடித்து நெட்டுவாக்கில் எடுத்துக் கீழ்ப்பாதித் தரையை வெட்டிவிடுங்கள். தெரு குறுகலாகப் போய்ப் பின்னால் போக இடமில்லை என்றால் நாலு பக்கமும் இடம் விட்டு எடுங்கள். பிறகு ஸ்னாப்சீட் செயலியில் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், அதற்குத்தான் அந்த இடம்.

நொய்யல் படித்துறைக்குப் போவீர்கள். அங்கே திதி கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே திருப்பாதீர்கள். பவானி கூடுதுறையிலும் இதே மரியாதைதான்.

பயணப்பை
திசைக் கணக்கு இவ்வளவு இருக்கிறது என்று யாரும் சொன்னதே இல்லை. மிக்க நன்றி. ஆழியாறு போகிற அன்று குரங்கு அருவியும் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அருவித் தண்ணீர் பால் மாதிரி வழுக்கிக்கொண்டு விழுகிற படம் எப்படி எடுப்பது? அதற்காகவாவது ட்ரைபாட் வாங்கட்டுமா?

அருவிக்கரை
எடுக்கலாம். ஆனால் எல்லா அருவிக்கும் அது பொருந்தாது. முதலில் கணக்கு.

தண்ணீர் வழுக்கலாக வர ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) கால் வினாடி முதல் ஒரு வினாடி வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீரின் வரிகள் அழிந்து வெறும் வெள்ளைப் பட்டை மிஞ்சும். மர நிழலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) 8இல் ஷட்டர் ஏறக்குறைய 1/125 வினாடி காட்டும். அதை அரை வினாடிக்குக் கொண்டுவர 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போதும், ஒரு ஸ்டாப்புக்கு ஒளி பாதியாகும், ஆக 6 ஸ்டாப் ஒளியை 64 மடங்கு குறைக்கும். 10 ஸ்டாப் வேண்டாம், அது பட்டப்பகல் கடற்கரைக்கு. ஃபில்டர் வாங்குமுன் லென்ஸ் மூடியின் உட்புறம் பாருங்கள், 58 மி.மீ. என்பது போல ஓர் எண் இருக்கும். அந்த அளவில்தான் வாங்க வேண்டும்.

அப்படியே எஃப் 22க்குப் போய்விடலாமே என்று சிலர் செய்வார்கள். வெளிச்சம் குறையும், ஆனால் துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறிப் படம் முழுக்க மழுங்கும். 18-55க்கு எஃப் 11தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரைபாட் வைத்தும் படம் ஆடுவதற்கு மூன்று காரணங்கள்: கையால் பட்டனை அழுத்துவது (2 வினாடி டைமர் போடுங்கள்), லென்ஸில் அதிர்வுத் தடுப்பை அணைக்காமல் விடுவது, தண்ணீர் பாயும் பாறையிலேயே காலை ஊன்றுவது. கடைசியது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பாறை அதிரும்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். 1/1000 அல்லது அதற்கு மேல் வைத்துத் துளி துளியாக உறையவைத்தும் எடுக்கலாம். கொடிவேரிக்கு அதுதான் அழகு. அது உயரத்திலிருந்து விழும் அருவி அல்ல, ஆற்றின் குறுக்கே நீண்ட தடுப்பணை. தண்ணீர் திரையாக வழிந்து கீழே நிற்பவர் தலையில் அடித்துச் சிதறும். உங்கள் மகள் அந்தத் திரைக்கு முன் நிற்கிறபோது அரை வினாடி வைத்தால் அவள் முகமும் கரைந்துவிடும்.

ட்ரைபாட் வாங்கினால் 1.5 கிலோவுக்குக் குறையாமல், நடுத்தண்டில் பை மாட்டக் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். கனமில்லாத விலைமலிவு அலுமினியக் கால்கள் மலைக்காற்றில் ஆடும்.

மேற்குமலை
அருவிக்கரை சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். கொடிவேரியில சனி, ஞாயிறு கூட்டம் நெரியும், குளிக்கிறவங்க நிறையப் பேர். அவங்க முகம் விழாத கோணம் அங்க கிடைக்காது. வார நாள்ல, திறக்கிற நேரத்துக்கே போங்க. அணைப்பகுதியில படமெடுக்கத் தடைன்னு பலகை இருந்தா அதுக்கு மேல பேச்சில்லை.

பரிசலை எடுக்கணும்னா மேலே நின்னு கீழே பார்த்து எடுங்க. வட்டம் வட்டமாத் தெரியணும். தண்ணி மட்டத்துல எடுத்தா அது வெறும் கருப்புக் கோடு.

அருவிக்கரை
அங்கே மீன் பொரிக்கும் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். புகை கடைக்காரருக்கும் சூரியனுக்கும் நடுவில் வருகிற மாதிரி, சூரியனை நோக்கி நில்லுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால்தான் புகை ஒளிரும். உங்கள் முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் புகை கண்ணுக்கே தெரியாது. எடுக்குமுன் கேட்டுவிடுங்கள், முடிந்தால் ஒரு தட்டு மீனும் வாங்குங்கள்.

ஒருவிரல்
எல்லாரும் கேமராவைப் பற்றியே சொல்லிவிட்டீர்கள். 5 நாளில் எடுக்கப்போகும் படங்களில் முக்கால்வாசி போனில்தான் இருக்கும். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

லென்ஸைத் துடையுங்கள். சட்டைப்பையில் கிடந்த போனில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். எதிர் வெளிச்சத்தில் படம் பூராவும் பால் படர்ந்த மாதிரி வருவதற்குப் பத்தில் ஒன்பது முறை அதுதான் காரணம். துடைக்கப் பழைய பருத்தித் துணி போதும்.

திரையில் முகத்தின் மேல் விரலை இரண்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். போன்கள் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே வெளிச்சம் போடும். தென்னந்தோப்பில் இது மிகவும் முக்கியம்: அடியில் இருட்டு, ஓலை நடுவே வானம் வெள்ளை. வானத்தைக் காப்பாற்றிவிட்டால் நிழலைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வானத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

0.5 என்கிற அகலக் கோணத்தில் ஆளை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், தலை நீண்டு கை பருத்துவிடும். ஆளை நடுவில் வைத்து, இடத்தை ஓரங்களுக்கு விடுங்கள். பெரிய இடத்தோடு ஆளைச் சேர்த்து எடுக்கும்போது எல்லாரும் செய்கிற தப்பு ஆளைக் கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்துவது. ஆள் எறும்பாகிவிடுவார். ஆள் போனிலிருந்து 2, 3 மீட்டரில் நிற்கட்டும், நீங்கள் இருவரும் கோபுரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி வாருங்கள், 2 மடங்கு ஜூம் வையுங்கள். முகமும் தெரியும், கோபுரமும் முழுதாக வரும்.

பயணப்பை
@ஒருவிரல், இரண்டாவது குறிப்பை இப்போதே வீட்டு மாடியில் செய்து பார்த்தேன், வானம் நீலமாகவே வந்தது! ஒரு சந்தேகம். மாமியாருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார். அவரை எப்படிப் படத்தில் கொண்டுவருவது? எப்போதும் காருக்குப் பக்கத்தில் நிற்கிற படமாகவே வருகிறது.

கும்மிப்பாட்டு
இதுக்கு நான் சொல்றேனுங்க. அம்மாவை நிக்க வெக்காதீங்க, உக்கார வெய்யுங்க. கோயில் மண்டபத்துத் திண்ணை, டீக்கடை பெஞ்சு, வீட்டு வாசப்படி, எதுவானாலும் சரி. வெய்யில் நேரா முகத்துல விழாத, ஆனா எதிர்ல வெளிச்சமான தரையோ சுவரோ இருக்கிற இடமாப் பார்க்கோணும். அந்தத் தரையில பட்டு எகிறி வர்ற வெளிச்சம் முகத்துக்கு அவ்வளவு நல்லா இருக்கும், சுருக்கமும் கடுமையாத் தெரியாது. லென்ஸ் 50-55, எஃப் 5.6, உக்காந்தவங்க கண் மட்டத்துக்கு நீங்களும் உக்காருங்க. கேமராவைப் பார்க்கச் சொல்லாம பேத்தியோட பேச விடுங்க. கைகளைத் தனியா ஒரு படம் எடுங்க. பூத்தொடுக்கிற கை, விபூதி எடுக்கிற கை, பேத்தி தலையைப் பின்னுற கை.

இன்னொண்ணு, நீங்க வர்றது மார்கழி. கோயில் வெள்ளெனத் திறந்துருவாங்க, தெருவுல கோலம் போட்டிருப்பாங்க, நடுவுல சாணி உருண்டையில பூசணிப்பூ. 6 மணியிலிருந்து 6.40 வரை, வெய்யில் வர்றதுக்கு முன்னாடி எடுங்க. அப்ப நிழலே இல்லாத நீல வெளிச்சம், கோலமாவு வெள்ளையும் பூவோட மஞ்சளும் அப்படியே நிக்கும். வெய்யில் வந்தாச்சுன்னா உங்க நிழல்தான் கோலத்து மேல விழும். முழுக்கோலம் வேணும்னா கைய உசத்தி நேர் மேல இருந்து. கோலம் போடற ஆளோட சேர்த்து வேணும்னா தரையோட தரையா உக்காந்து. “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா?”ன்னு கேட்டுட்டு எடுங்க. பெரும்பாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. எடுத்ததைக் காட்டுங்க, அனுப்பறேன்னு சொன்னா மறக்காம அனுப்பிருங்க.

ஒருவிரல்
கோலத்துக்கு ஒரு திருத்தம். வெள்ளைக்கோலம் அதிகமாக இருந்தால் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும், வெளிச்சத் திருத்தத்தில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +2/3 கூட்டுங்கள். ஈரச்சாணம் மெழுகிய கருத்த வாசலில் மெல்லிய கோடு என்றால் நேர்மாறு, −2/3.

கும்மிப்பாட்டு
சரிங்க, அது வேணும். கும்மி, பெருஞ்சலங்கை ஆட்டம் எங்காவது ராத்திரி நடந்தா அதுக்கும் சொல்லிடறேன். மேடையில எல்இடி விளக்கும் டியூப் லைட்டும்தான் இருக்கும். ஷட்டர் வேகமா வெச்சா படத்துல கருப்புக் கருப்பாப் பட்டை விழும். கேமரா கெட்டுப்போச்சுன்னு பயந்துருவாங்க. நம்ம மின்சாரம் 50 சுழற்சி, விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்குது. 1/50 இல்லைன்னா 1/100 வெச்சா பட்டை போயிரும். வள்ளி கும்மியில பெண்கள் ஒரே நிறச் சேலையில வட்டம் சுத்தி வருவாங்க. எதிர் வீட்டு மாடி கிடைச்சா மேலே இருந்து எடுங்க. கீழேன்னா 1/15 வெச்சு ஒரு ஆளோட சேர்ந்து கேமராவையும் நகர்த்துங்க. அவங்க முகம் நிக்கும், சுத்தியிருக்கிறது எல்லாம் சுழலும். பத்துக்கு ஒண்ணு தேறும், அதனால தொடர்ந்து எடுத்துக்கிட்டே இருங்க.

கூழைக்கடா
வெள்ளோடு பற்றி யாரும் பேசவில்லை. ஈரோட்டை ஒட்டிய ஏரி, பறவைகள் காப்பிடம். 2022இல் ராம்சார் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவை மிகுதி, ஆக உங்கள் தேதி பொருத்தம். வாயில் திறக்கும் நேரத்துக்கே போய் 9 மணிக்குள் முடியுங்கள். அதன்பின் நீர்ப்பரப்பிலிருந்து கானல் எழும். எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் தூரத்துப் பறவை அலையாடித்தான் வரும்.

55-250ஐ முழுக்க நீட்டினால் உங்கள் கேமராவில் 400 மி.மீ. பார்வை கிடைக்கும். ஆனால் அது பறவையின் முகத்துக்குப் போதாது. அதனால் பறவையோடு ஏரியையும் எடுங்கள்: மரத்தில் கூட்டமாய் உட்கார்ந்த கூழைக்கடாக்கள், கரையோரம் வரிசைகட்டிய மஞ்சள்மூக்கு நாரைகள், நீரில் தலைகீழாய்க் கவிழ்ந்து மேயும் ஊசிவால் வாத்துகள்.

செட்டிங்: டிவி (Tv) முறை, அதாவது ஷட்டரை மட்டும் நீங்கள் வைப்பது. பறப்பதற்கு 1/1600, உட்கார்ந்திருப்பதற்கு 1/500. ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 3200. ஃபோகஸ் ஏஐ சர்வோ (நகர்வதைத் தொடர்ந்து பின்பற்றும் முறை), நடுப்புள்ளி மட்டும். வெள்ளைப் பறவை இருண்ட மரத்தின் முன் என்றால் −2/3, வெளிறிய வானத்தின் முன் என்றால் +1. உடை சாம்பல், பச்சை, பழுப்பு. பளிச்சென்ற சிவப்பு, வெள்ளை வேண்டாம். மகளிடம் ஒரு பைனாகுலர் கொடுங்கள், சத்தமில்லாமல் இருப்பாள்.

வால்பாறை: புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்திலேயே சிங்கவால் குரங்கு வரும். உணவு காட்டவே கூடாது. காட்டினால் அது சாலைக்கு வரும், வண்டியில் அடிபடும். மரத்தடி இருட்டில் 1/250, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. கரிய முகத்துக்குச் சுற்றிலும் வெளிர் பிடரி இருப்பதால் கேமரா குழம்பும். கண்ணில் ஃபோகஸ் வைத்து −1/3. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு நின்றால் வண்டியை வளைவிலேயே நிறுத்தாதீர்கள், அகலமான இடம் வரும் வரை போய் நிறுத்தி, வண்டிக்குள்ளிருந்தே எடுங்கள். கிட்டே போய்ச் செல்பி எடுக்க வேண்டாம்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் போகிற எண்ணம் இருந்தால் 27 வளைவு, இரவு 9 முதல் காலை 6 வரை கார்களுக்கும் தடை. காட்டுச் சாலையில் இறங்கி நிற்பதே குற்றம்.

மேற்குமலை
தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு வார்த்தை. மேகமூட்டம்னு சலிச்சுக்காதீங்க, தேயிலைக்கு அதுதான் வேணும். வெய்யில்ல ஒவ்வொரு இலையும் கண்ணாடியா மின்னி, பச்சை வெளுத்துரும். வெய்யில்தான் வாச்சுதுன்னா போலரைசர் ஃபில்டர் போட்டு மெதுவாத் திருப்புங்க. மினுமினுப்பு அடங்கற இடத்துல நிறுத்திக்குங்க. ஒன்றரை, ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், ஷட்டரைப் பார்த்துக்குங்க. 18ல அகலமா வானத்தோட எடுக்கும்போது மட்டும் அதைக் கழட்டிருங்க, இல்லாட்டி வானம் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிறலா வரும்.

கல்தச்சு
இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. முதல்முறை வருபவர்களுக்கு என்டி, போலரைசர் இரண்டும் சுமை. அருவி ஒன்றே ஒன்று, அதுவும் டிசம்பரில் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது மழையைப் பொறுத்தது. காசு செலவழிப்பதாக இருந்தால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்குச் செலவழிக்கலாம். மாமியார், மகள் முகங்களுக்கு 5 நாளும் பயன்படும்.

அருவிக்கரை
50 நல்ல லென்ஸ்தான், ஆனால் இவர்களின் கேமராவில் அது 80 மி.மீ. ஆகும். காருக்குள், சின்ன அறையில், கோயில் தெருவில் பின்னால் போக இடம் இருக்காது. ஃபில்டர் இரண்டில் ஒன்று என்றால் போலரைசர் வாங்கட்டும். அருவியின் ஈரப்பாறை மினுமினுப்பையும் அது அடக்கும், இரண்டு ஸ்டாப் என்டியாகவும் உதவும். காலை நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் 1/15க்கு அருகில் வந்துவிடும். பாறை மேல் கேமராவை ஊன்றி எடுக்கலாம். முழு வழுக்கல் வராது, ஓட்டம் தெரியும்.

கல்தச்சு
அது சரியான யோசனை. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ட்ரைபாட்டையும் தள்ளிப்போடலாம். ஒரே ஒரு இழப்பு: கோபுரத்தை நீலவேளையில் எடுப்பது. அஸ்தமனத்துக்குப் பின் 15ஆம் நிமிடத்திலிருந்து விளக்கொளியும் வானமும் சமநிலைக்கு வரும். நம் பகுதியில் அந்தி 20, 22 நிமிடம்தான், வடநாடுகளில் போல் இழுக்காது. ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1 முதல் 4 வினாடி. மதில் மேல் மடித்த துண்டு வைத்து அதன்மேல் கேமராவை அமர்த்தினால் ட்ரைபாட் இல்லாமலும் இது ஆகும்.

பயணப்பை
போலரைசர் ஒன்று, ட்ரைபாட் வேண்டாம். முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி. பல்லடம், உடுமலை வழியில் காற்றாலைகள் பற்றிப் படித்தேன், டிசம்பரில் பார்க்க முடியுமா? வீட்டுக்காரர் ட்ரோன் வாடகைக்கு எடுக்கலாமா என்கிறார்.

மேற்குமலை
காத்தாலை பார்க்கலாமுங்க, ஆனா சுத்தாது, இல்லாட்டிச் சோம்பலாச் சுத்தும். பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்கே இருந்து காத்து வர்றது வைகாசியில தொடங்கிப் புரட்டாசி வரைக்கும். அந்தச் சமயத்துல வந்தீங்கன்னா எல்லா விசிறியும் மேற்கே முகம் காட்டி நிக்கும். பொழுதோட வெய்யிலும் மேற்கே இருந்துதான். அதனால விசிறிக்கு மேற்குப் பக்கம் நின்னா முகம் பூரா வெளிச்சம், கிழக்கே நின்னா கருநிழல். பெரிய விசிறி ஒரு சுத்துக்கு 4 வினாடி எடுக்குதுன்னு வெச்சா, கால் வினாடி ஷட்டருக்கு இறக்கை 22 டிகிரி அழிஞ்சு வரும், சுத்துதுன்னு தெரியும். 1/1000 வெச்சா நின்னுபோன மாதிரி இருக்கும். டிசம்பர்ல அந்தக் கவலையே இல்லை. 250க்கு நீட்டி, ஒண்ணு பின்னால ஒண்ணா அடுக்கி, சோளக்காட்டோட எடுங்க.

கூழைக்கடா
ட்ரோன் வேண்டாம். ஆனைமலை, சத்தியமங்கலம் இரண்டும் புலிகள் காப்பகம், பறவைக் காப்பிடமும் சேர்த்து எங்குமே பறக்கவிடக் கூடாது. கோவையில் விமான நிலையம், பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம். டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் இடத்தில் மட்டும்தான் முன் அனுமதி இல்லாமல் 400 அடி வரை. உங்கள் பட்டியலில் உள்ள இடங்களுக்கு அது உதவாது. 9ஆவது வளைவே போதுமான உயரம்.

ஒருவிரல்
கடைசியாகப் படங்களைப் பத்திரப்படுத்துவது. ஒரே 128 ஜிபி அட்டைக்குப் பதில் இரண்டு 64 ஜிபி எடுத்து வாருங்கள். ரா கோப்பு (கேமரா பதிவுசெய்யும் மூலக்கோப்பு) ஒன்று 25 முதல் 30 எம்பி, ஆக ஓர் அட்டையில் 2000 படம் கொள்ளும். தினமும் இரவு போனுக்கோ மடிக்கணினிக்கோ மாற்றுங்கள், மாற்றிவிட்டோம் என்று அட்டையை அழிக்காதீர்கள்.

சுவரில் மாட்டுவது என்றீர்கள். 12×18 அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 3600×5400 பிக்சல் வேண்டும், உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்றால் அதைத் தரும். போனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும், 4×6க்கு மேல் தாங்காது. சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கும்போதும் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அருவிக்கரை
வால்பாறைக்கு இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏசி போட்ட காரிலிருந்து கேமராவை எடுத்து ஈரக்காற்றில் நீட்டினால் லென்ஸ் வியர்த்துவிடும், 15, 20 நிமிடம் ஒன்றும் எடுக்க முடியாது. துடைத்தால் மறுபடி வியர்க்கும். கடைசி 10 கி.மீ. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள், அல்லது கேமராவை ஜிப் பையில் மூடியபடியே வெளியே கொண்டுவந்து, சூடேறிய பிறகு திறங்கள். இரண்டு துடைப்புத் துணி. ஒன்று நிச்சயம் நனைந்துபோகும்.

பயணப்பை
எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதிவிட்டேன். முதல் நாள் மார்கழிக் கோலம், பேரூர். இரண்டாம் நாள் 8 மணிக்கு 9ஆவது வளைவு, பிறகு வால்பாறை, அங்கேயே இரவு. மூன்றாம் நாள் காலை தேயிலைத் தோட்டம், புதுத்தோட்டம், இறங்கும்போது குரங்கு அருவி. நான்காம் நாள் கொடிவேரி, கோபி. ஐந்தாம் நாள் வெள்ளோடு முடித்து ஈரோட்டில் ரயில். சரிதானா?

மேற்குமலை
சரிதானுங்க, ஒரே ஒரு மாத்தம். நாலாம் நாள் கோவைக்குத் திரும்பாதீங்க, கோபியிலயோ ஈரோட்டுலயோ தங்கிருங்க. கோவையிலிருந்து கிளம்பினா வெள்ளோட்டுக் காலை வெளிச்சம் போயிரும். கோபியில எந்த வயல்ல நடவு முடிஞ்சு பச்சை கட்டியிருக்குன்னு முதல் நாளே டீக்கடையில கேளுங்க. வரப்பு மேல நடக்கறதுக்கு முன்னாடி தோட்டத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, நாத்தை மிதிச்சுராதீங்க.